பங்குதாரர்

நான் மொழிபெயர்ப்பாளன். கதை, கவிதையெல்லாம் இல்லை. நோட்டீஸ், படிவம், கூட்டக் குறிப்பு. வீடு கொழிஞ்சாம்பாறை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம், சோறு போடுவது ஆங்கிலத்தில் வரும் காகிதங்கள். பாலக்காட்டின் சித்தூர் தாலுகாவில் தமிழர்கள் நிறைய என்பதால் இப்படி வருஷத்துக்கு நாலைந்து வேலை கிடைத்துவிடும்.

போன வருஷம் கிடைத்தது ஒரு பழைய அணைப் பூங்கா. எந்த அணை என்பது வேண்டாம். பூங்காவைத் தனியாரிடம் கொடுத்துப் புதுப்பிக்கப் போகிறார்கள், அதற்கு ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்பு. திட்ட அறிக்கை தயாரித்த கன்சல்டன்சி என்னிடம் நாலு பக்கம் கொடுத்து, இரண்டே நாளில் தமிழில் வேண்டும் என்றது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பூங்காவை அப்படியே விட வேண்டும் என்று சொல்கிறவன் இல்லை நான். சின்ன வயதில் அங்கே வண்ண விளக்கோடு ஆடும் நீரூற்று பார்த்திருக்கிறேன். இப்போது அந்தத் தொட்டியில் பாசியும் தவளையும்தான். மோட்டார் ரூமுக்குப் பூட்டு, பூட்டின் மேல் துரு. சிமெண்ட் மானுக்கு ஒரு காது இல்லை. பெண்கள் கழிப்பறை எப்போதும் 'பழுது'. வீட்டுப் பெண்களை அழைத்துக்கொண்டு போனவர்கள் யாரும் 'அரசாங்கமே நடத்தட்டும்' என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட மாட்டார்கள்.

சரி, மொழிபெயர்ப்புக்கு வருகிறேன். 'கன்செஷன்' என்று ஒரு சொல். அகராதியில் சலுகை. ஒப்பந்தத்தில் அதற்கு அர்த்தம் வேறு: இத்தனை வருஷம் இடத்தை நீ நடத்து, வசூலை நீ எடு, எங்களுக்கு ஒரு பங்கு கொடு. 'சலுகை ஒப்பந்தம்' என்று போட்டால் யாருக்குச் சலுகை என்று கேட்பார்கள். அதனால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சொல்லாகப் 'பாட்டம்' என்று போட்டேன். குத்தகைக்கு மலையாளத்தில் அதுதான் சொல். இங்கே தமிழ் பேசுகிறவர்களும் அப்படியே சொல்வார்கள். 'ஸ்டேக்ஹோல்டர்', அதாவது திட்டத்தோடு சம்பந்தப்பட்டவர் என்பதற்கு அவர்கள் பட்டியலிலேயே 'பங்குதாரர்' என்று இருந்தது. அதை நான் தொடவில்லை.

கூட்டம் பஞ்சாயத்து ஹாலில். நான் ஓரமாக உட்கார்ந்து தமிழில் பேசுகிறவர்களை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். திரையில் படம்: கண்ணாடிப் பாலம், கயிற்றில் தொங்கிப் போகும் விளையாட்டு, நீர்மேல் உணவகம். கன்சல்டன்சிக்காரர் பாலக்காட்டின் மலம்புழா அணைப் பூங்காவை எடுத்துப் பேசினார். அங்கே ரோப்காரைப் பல வருஷமாகத் தனியார்தான் ஓட்டுகிறார்கள், யக்ஷி சிலையையா தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார். நல்ல கேள்விதான். ஆனால் அங்கே தனியாரிடம் இருப்பது ரோப்கார். இங்கே கேட்பது கேட்டிலிருந்து கரை வரை மொத்தமும். இதை யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. குறிப்பு எழுதுகிறவன் பேசக் கூடாது.

கேட் வாசலில் மீன் வறுத்து விற்கும் அக்கா நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். தோசைக்கல்லில் மிளகாய்ப்பொடி பூசிய ஜிலேபி மீனைப் பத்து மணிக்குப் போட ஆரம்பித்தால் சாயங்காலம் வரை நிமிர மாட்டார். அன்று கடையை மூடிவிட்டு வந்திருந்தார்.

"என்னையும் பங்குதாரர்னு போட்டிருக்கீங்க. பங்கு எவ்வளவுங்க சார்?"

ஹால் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கன்சல்டன்சிக்காரர் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

அப்புறம் ஒரு பெரியவர். எண்பதைத் தொட்டிருப்பார், கோவணத் துண்டு வயசில் நாற்று நட்டவர். "ஏனுங் தம்பி, பாட்டத்தை ஒழிச்சு அம்பது வருஷம் ஆச்சு. இப்ப சர்க்காரே பாட்டத்துக்கு விடுதா?" என்றார்.

கேரளத்தில் பாட்டம் சட்டப்படி ஒழிந்தது 1970 ஜனவரி 1-ல். அதற்கு முன் ஜன்மிக்கு, அதாவது நிலச் சொந்தக்காரருக்கு, நெல் அளந்து கொட்டிய தலைமுறை அவருடையது. வசதியான சொல் என்று நான் போட்டது அவர் காதில் களத்துமேட்டு அம்பாரமாக விழுந்திருக்கிறது. அவர் அதோடு விடவில்லை. போட் ஓட்ட வேண்டும் என்றால் அணையில் தண்ணீர் நிற்க வேண்டும். வாய்க்காலுக்கு விட்டால் தண்ணீர் இறங்கும். கோடையில் யார் பேச்சு எடுபடும்? தமிழ்நாட்டோடு போட்ட பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தப்படி எல்லையோரம் மணக்கடவில் கேரளத்துக்கு வர வேண்டியது வருஷத்துக்கு 7.25 டிஎம்சி. அதை எண்ணி எண்ணி வாங்கும் ஊர் இது. நாலு பக்கத்தில் எங்கேயும் வாய்க்கால் என்ற சொல்லே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மொழிபெயர்த்தவன் நான்தான்.

ஒப்பந்தக் காலம் முப்பது வருஷம் என்றதும் ஹாலில் ஒரு முணுமுணுப்பு. எனக்கு டொரொண்டோ நினைவு வந்தது. ஸ்கார்பரோவில் இருக்கும் பெரியம்மா மகள் அனுப்பிய வீடியோவில் ஒண்டாரியோ பிளேஸ் என்ற ஏரிக்கரைப் பூங்கா. 1971-ல் திறந்து, 2012-ல் மூடியது. ஸ்பா கட்ட ஒரு தனியார் கம்பெனிக்கு 95 வருஷக் குத்தகை. 2024 அக்டோபரில் எண்ணூறுக்கும் மேற்பட்ட மரங்களை வெட்டினார்கள். "நம்ம பக்கமெல்லாம் எவ்வளவோ பரவாயில்லைடா" என்று எழுதியிருந்தாள். அவள் ஊருக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது.

கூட்டம் நாலு மணி நேரம் நடந்தது. பெரியவர் பேசியதை மட்டும் ஒன்றரைப் பக்கம் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். இறுதி அறிக்கையில் அது ஒரு வரி: 'ஒப்பந்தக் கால அளவு குறித்து ஒருவர் விளக்கம் கோரினார்.' பாட்டம் என்ற சொல்லை எடுத்துவிட்டு 'நீண்டகால உரிமம்' என்று மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். காசு வாங்கியிருக்கிறேன்.

போன மாதம் அதே கன்சல்டன்சி வேறொரு வேலைக்குச் சொற்பட்டியல் அனுப்பியது. பங்குதாரர் அப்படியே இருந்தது. அதை அடித்துவிட்டு 'சம்பந்தப்பட்டவர்கள்' என்று எழுதி அனுப்பினேன். சாயங்காலமே பதில் வந்தது: சொல் நீளமாக இருக்கிறது, அட்டவணைக் கட்டத்துக்குள் அடங்கவில்லை, பழையதே இருக்கட்டும்.