பத்தியச் சோறும் தாய்ப்பாலும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால், வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது "பால் ஊறுதா?" என்றுதான். ஊறுகிற பாலில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டியது, தாய் சேய் நலம் பார்க்கும் நம் வேலை.

தாயின் சாப்பாடு குறைந்தாலும் பாலில் புரதம், கால்சியம், இரும்பு, ஃபோலேட் அவ்வளவாகக் குறையாது. தினமும் 200 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் பாலில் போகிறது. அதில் ஒரு பங்கு அவள் எலும்பிலிருந்து வருகிறது. இங்கே இழப்பு தாய்க்கு. பி1, பி12, ஏ வைட்டமின்களும் அயோடினும் அப்படி அல்ல. தட்டில் இல்லையென்றால் பாலிலும் இல்லை. இங்கே இழப்பு பிள்ளைக்கு.

பத்தியத்தில் பூண்டுக் குழம்பும் நல்லெண்ணெயும் சுறாப் புட்டும் சேர்வது நல்லதே. (பெரிய சுறாவில் பாதரசம் கூடும், அதைவிட நெத்திலியும் சாளையும் நல்லது.) சேர்க்காமல் விடுகிற பருப்பு, கீரை, தயிர், பழம் இவைதான் கவலை. "பத்தியத்தை விடுங்க" என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "நீங்க கொடுக்கறதைக் கொடுங்க ஆச்சி, கூட ஒரு கரண்டி பருப்பும் முருங்கைக்கீரையும் வைங்க" என்றால் ஆச்சி யோசிப்பார்.

அடுப்படியில் முதலில் பார்க்க வேண்டியது சோறு. நன்றாகத் தீட்டிய பச்சரிசியில் பி1 முன்னமே குறைவு. அதையும் நாலு தண்ணீர் அலசி, வெந்ததும் கஞ்சியை வடித்துக் கொட்டினால் மிச்சமும் போகும். பி1 நீரில் கரைவது. புழுங்கல் அரிசியை உமியோடு ஊறவைத்து அவிப்பதால் தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. ஆகவே புழுங்கல் அரிசி, ஒன்றிரண்டு முறை மட்டும் அலசல், வடிக்காமல் பொங்குதல். வடித்தே பழக்கம் என்றால் அந்தக் கஞ்சியில் உப்புப் போட்டுப் பெற்றவளுக்கே கொடுக்கலாம். மாதக்கணக்கில் ரசமும் வெள்ளைச் சோறுமாகவே இருக்கும் தாயின் பிள்ளைக்கு இரண்டு மூன்று மாதத்தில் ஆபத்து வரக்கூடும். கொழுகொழுவென்று இருந்த பிள்ளை திடீரென்று பால் குடிக்காது, அழுகைச் சத்தம் கம்மிப்போகும், மூச்சு வாங்கும். சளி என்று கை வைத்தியம் பார்க்கக் கூடாது, அப்போதே ஆஸ்பத்திரி. தாயின் சாப்பாட்டை அங்கே மறக்காமல் சொல்ல வேண்டும். பி1 ஊசி போட்டால் சில மணி நேரத்திலேயே தேறும்.

சைவ வீடுகளில் கவலை பி12. தயிரும் பாலும்கூடச் "சளி பிடிக்கும்" என்று நிறுத்திவிட்டால் அது கிடைக்க வழியே இல்லை. ஆறு மாதத்தை ஒட்டிப் பிள்ளையின் சிரிப்பு மறைந்து, நின்ற தலை தொய்ந்து, விரல் முட்டி கறுத்தால் தாய்க்கும் சேர்த்துப் பரிசோதனை வேண்டும்.

வயிறு சுருங்கும் என்று பெற்றவளுக்குத் தண்ணீரைக் கட்டுப்படுத்துவதும் உண்டு. அதனால் வயிறு சுருங்குவதில்லை, மலச்சிக்கல்தான் மிச்சம்.

பிரசவத்துக்குப் பின் தாய்க்கு 180 நாள் இரும்பு மாத்திரை தினம் ஒன்று, கால்சியம் 500 மில்லிகிராம் இரண்டு வேளை. இரண்டையும் சேர்த்து விழுங்கினால் இரும்பு சரியாக ஏறாது: கால்சியம் காலை, மதியம் சாப்பாட்டோடு, இரும்பு இரவில், பால், டீ இல்லாமல். டி வைட்டமின் மட்டும் தாய் எவ்வளவு நன்றாகச் சாப்பிட்டாலும் பாலில் போதாது. பிள்ளைக்கே தினம் 400 யூனிட் சொட்டு மருந்து. பாட்டிலுக்குப் பாட்டில் செறிவு மாறும், அளவை லேபிளில் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும்.