சுங்கை சிப்புட்டில் ஒரு கறி நாள்

புரட்டாசி முடிந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமையை மலேசியாவின் ஒரு தோட்டப்புற ஊரில் கழிப்பவருக்கு, அங்குள்ள தமிழர்கள் ஒரு மாதம் கவிச்சி இல்லாமல் எப்படி இருந்தார்கள் என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காலை ஏழு மணிக்கே இறைச்சிக் கடையில் நிற்கும் வரிசை அதைச் சொல்லிவிடும். ஈப்போவுக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் இருக்கும் சுங்கை சிப்புட்டில் அந்த வரிசையில் நானும் நின்றேன். என் தாத்தாவின் தம்பி மதுரைச் சீமையிலிருந்து கப்பலேறி வந்து, இவ்வூர்ப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்வெட்டியே வாழ்ந்து முடித்தவர். அவருடைய மகளான அத்தைதான் கையில் இரண்டு துணிப்பைகளுடன் எனக்கு முன்னால் நின்றிருந்தார்.

முந்தைய நாள் மாலை, வரும் வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கேட்டு வாங்கிய மட்டன் வறுவல் என்னை ஏமாற்றியிருந்தது. மேலே மசாலா கருகலாக மின்னியதே தவிர, உள்ளே கறி வெளுத்து நார்நாராகக் கிடந்தது. ஆறியதும் தட்டின் ஓரத்தில் கொழுப்பு மெழுகைப் போல உறைந்துவிட்டது. அத்தையிடம் சொன்னபோது, “அது காம்பிங் இல்லய்யா, ஐஸ்ல வந்த பிரி பிரி” என்று ஒரே வரியில் வழக்கை முடித்து வைத்தார். மலாய் மொழியில் காம்பிங் வெள்ளாடு, பிரி பிரி செம்மறி. கடைப் பலகையிலோ இரண்டுக்கும் மட்டன் என்றே பெயர். மலேசியாவின் ஆட்டிறைச்சித் தேவையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத்தான் உள்நாட்டு ஆடுகள் தருகின்றன. மீதியில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து உறைந்த நிலையில் வரும் செம்மறி. செம்மறிக் கறியைப் பழிக்க எனக்கு வாய் வராது, மதுரையில் அதைத் தின்றுதான் வளர்ந்தேன். ஆனால் நெடுநாள் ஐஸில் கிடந்த கறிக்கு, அன்று அறுத்த வெள்ளாட்டின் பக்குவத்தைச் செய்து பார்ப்பது வீண் வேலை.

எங்கள் முறை வந்தது. கொக்கியில் தொங்கிய உடலில் வாலை மட்டும் அறுக்காமல் விட்டிருந்தார்கள். எங்கள் ஊர்க் கடைகளிலும் இதுவே அத்தாட்சி: வெள்ளாட்டு வால் குட்டையாக நிமிர்ந்திருக்கும், செம்மறி வால் தொங்கும். கச்சாங் என்னும் சிறிய நாட்டினமும், யமுனைக் கரையிலிருந்து இந்நாட்டுக்கு வந்த ஜம்னாபாரியும் கலந்து பிறந்த கிடா அது என்றார் கடைக்காரர். தென்னாப்பிரிக்கப் போயர் இனம் கலந்தால் உடம்பு வைக்கும், குழம்பு மணக்காது என்பது அத்தையின் கட்சி. விலை உறைந்த கறியைவிட இருமடங்குக்கு அருகில் இருந்தபோதும் அவர் பேரம் பேசவில்லை. பேரத்தை எல்லாம் எந்தத் துண்டு என்பதில் வைத்துக்கொண்டார். முன்னங்காலும் நெஞ்செலும்பும் சேர்த்து ஒன்றரைக் கிலோ, தனியாகக் கொஞ்சம் ஈரல். கடைக்காரர் ஆசையோடு எடுத்துக் காட்டிய பின்தொடையை, “அது பாக்கத்தான் அழகு” என்று தள்ளிவிட்டார்.

காரில் திரும்பும்போது, அவர் பிறந்த லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இருந்த இடத்தைக் காட்டினார். இப்போது அங்கே பாமாயில் தரும் செம்பனை வரிசைகள் நிற்கின்றன. 1948 ஜூன் 16 அன்று இவ்வூர்த் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்று, வேலைக்காட்டுக்கு ஒரு பிடி சோறுகூடக் கொண்டுபோக விடாத அந்த ஆண்டுகளில் வளர்ந்தவர் அத்தை. அப்போது தோட்ட வேலிக்குள் இருந்தவர்களுக்குக் கறி என்பது சம்பளம் போட்ட மறுவாரத்து ஞாயிறுதான். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு கிடா வாங்கும், தராசு கிடையாது. வாழையிலைகளை வரிசையாக விரித்து, ஒவ்வொன்றிலும் தொடையில் கொஞ்சம், விலாவில் கொஞ்சம், ஈரல், குடல், ஒரு எலும்பு என்று அவருடைய அப்பா கையாலேயே கூறு போடுவாராம். போட்டு முடித்ததும் ஒருவர் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்க, இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு “இது யாருக்கு?” என்று கேட்க, திரும்பி நிற்பவர் வாயில் வந்த பெயருக்கு அந்தக் கூறு போய்ச் சேரும். கூறு போட்டவருடைய பெயரை மட்டும் கடைசியில்தான் சொல்ல வேண்டும். எஞ்சி நிற்பதுதான் அவருக்கு. “அதனால எங்கப்பா போட்ட கூறுல எது பெருசு, எது சிறுசுன்னு கண்டுபிடிக்கவே முடியாது” என்றார்.

பின்னாளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களையே துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது அப்படி ஒரு நேர்மை யாருக்கும் தேவைப்படவில்லை. இவ்வூரில் பிறந்த மலேசிய இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர் பணத்திலேயே தோட்டங்களை வாங்க முனைந்தது அந்தத் துண்டாடலுக்கு எதிராகத்தான். அத்தையின் தோட்டம் அப்படித் தப்பிய தோட்டங்களில் ஒன்றல்ல.

வீட்டின் பின்புறம் மூன்று செங்கல் அடுப்பு, அதன்மேல் கனத்த இரும்புக் குவாலி, அதாவது அகன்ற வாணலி. முன்பெல்லாம் கறிக்கு ரப்பர் விறகுதான்; இப்போது அந்த மரம் நாற்காலியாகவும் மேசையாகவும் ஏற்றுமதியாகிவிடுவதால், வெட்டிப் போட்ட ரம்புத்தான் கிளைகளை எரித்தோம். குக்கர் வீட்டில் இருக்கிறது, அது விசேஷ நாளில் பருப்புக்கு.

கறியை ஒருமுறை மட்டும் அலசி, மஞ்சளும் நசுக்கிய இஞ்சியும் சேர்த்து, அது விடும் தண்ணீரிலேயே மூடாமல் கொதிக்க வைத்தார். சாம்பல் நிற நுரை அடங்கி வாடை மாறிய பிறகுதான் உப்பு. குவாலியில் எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, சோம்பு, கறிவேப்பிலை, முடிச்சுப் போட்ட பாண்டான் இலை. பிறகு சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது. சந்தையில் ஈரமாக அரைத்து விற்கும் இறைச்சி மசாலாவைப் போட்டு, அது எண்ணெயைக் கக்கும்வரை ஒரு கால் மணி நேரம் கிண்டினார். நான் மதுரைச் சுக்காவின் அவசரத்தில், “கறியைப் போடலாமா அத்தை?” என்று இரண்டு முறை கேட்டேன். பதில் வரவில்லை.

கறி விழுந்த பிறகு வேலை நெருப்பினுடையது. முன்னங்கால் கறியில் இருக்கும் சவ்வு கொதிநிலைக்குக் கீழே, 70, 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் வெகுநேரம் கிடந்தால்தான் பசையாக இளகும். தள தளவென்று கொதித்தால் நார் இறுகிச் சாறு வெளியேறிவிடும். இதைப் படித்துத் தெரிந்துகொண்ட நான்தான், அத்தை உள்ளே போன நேரத்தில் அடிப்பிடிக்கிறதோ என்று பயந்து ஒரு குவளைப் பச்சைத் தண்ணீரை ஊற்றினேன். கொதி செத்து, மேலே மிதந்த எண்ணெய் மசாலாவுக்குள் மூழ்கிப்போனது. திரும்பி வந்தவர் குவாலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு கிளையை உள்ளே தள்ளிவிட்டு, “இருபது நிமிசம் கூட ஆகும்” என்று மட்டும் சொன்னார்.

இரண்டு மணி நேரத்திற்குப் பிறகு சத்தம் மாறியது. தடித்த குமிழிகளின் குளபுளப்பு நின்று, வறுபடும் சடசடப்பு கேட்கத் தொடங்கியபோது, ஒரு கரண்டி கெட்டிக் கிச்சாப் ஊற்றிப் பிரட்டினார். சீனச் சோயா ரசம் தமிழ்க் கறிக்குள் எப்போது நுழைந்தது என்று கேட்டால், “எங்கம்மாவே ஊத்துவாங்க” என்பதற்கு மேல் வரலாறு கிடைக்காது. ஆனால் அந்தக் கருஞ்சிவப்பும், கடைசியில் நாக்கில் நிற்கும் மெல்லிய இனிப்பும் அதன் கொடை. மதுரைச் சுக்காவில் மிளகு முன்னால் நடக்கும். இந்தப் பிரட்டலில் எதுவும் முந்தாது. எலும்பை லேசாகச் சாய்த்தால் கறி தானாகக் கழன்று சோற்றில் விழுந்தது. வாய் கூசாமல் சொல்கிறேன், இதுவே மேல்.

அத்தை எங்கள் எல்லாருக்கும் எண்ணி எண்ணிப் பரிமாறினார்: ஆளுக்கொரு நெஞ்செலும்பு, இரண்டு சதைத் துண்டு, ஒரு சிறு ஈரல். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டிக்கு ஒரு கிண்ணம் போனது. பிறகு கறி தீர்ந்த குவாலியை மடிக்கு அருகில் இழுத்து வைத்துக்கொண்டு, அதற்குள் இரண்டு அகப்பை சோற்றைக் கொட்டி, ஓரத்தில் ஒட்டியிருந்த மசாலாவைச் சுரண்டிப் பிசைந்து, அதையே உண்டார். எனக்கும் ஓர் உருண்டை கேட்டேன், யோசித்துத்தான் கொடுத்தார்.