இரண்டாவது கியரில் கொதித்த ஜீப்

போடிநாயக்கனூரில் பழைய ஜீப்களுக்கு வேலை பார்க்கிறவனிடம் அதிகம் வரும் புகார், "அண்ணே, மேட்டுல ஏறுனா ஹீட் ஆகுது" என்பதுதான். ஊர் அமைந்திருக்கும் இடம் அப்படி. அடிவாரத்தில் இருக்கும் முந்தல் என்ற ஊரைத் தாண்டியதும் மலை ஏற ஆரம்பிக்கும். 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தால் சுமார் 4,500 அடி உயரத்தில் போடிமெட்டு. அதற்கு அந்தப் பக்கம் பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜாக்காடு என்று ஏலத்தோட்டங்கள். தோட்ட வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு காலையிலேயே ஜீப்கள் கிளம்பிவிடும். வழியில் ஒரு ஜீப் கொதித்து நின்றால் அதில் இருக்கிற அத்தனை பேருடைய அன்றைய கூலியும் கேள்விக்குறிதான். அதனால் ஹீட் ஆகிற வண்டியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

இங்கே சொல்லப்போவது ஒரு மஹிந்திரா எம்எம் 540 பற்றி. பீஜோ இன்ஜின், 2112 சிசி டீசல். இந்த இன்ஜினில் டீசல் நேராக பிஸ்டன் தலையில் அடிக்கப்படுவதில்லை. சிலிண்டருக்கு மேல் மூடியாக இருக்கும் ஹெட்டில் உள்ள ஒரு சின்ன அறையில் எரிய ஆரம்பித்து, அங்கிருந்து சிலிண்டருக்குள் பாயும். சத்தம் குறைவு, ஓட்டம் மென்மை. ஆனால் அந்த அறையின் சுவர் வழியாக நிறைய வெப்பம் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீருக்குப் போய்விடும். டைரக்ட் இன்ஜெக்ஷன் இன்ஜின் பொறுத்துக்கொள்ளும் சின்னக் குறையைக்கூட இது மலையில் காட்டிக் கொடுத்துவிடும்.

என்னிடம் வருவதற்கு முன்பே அந்த ஜீப்புக்கு ஏகப்பட்ட செலவு ஆகியிருந்தது. ரேடியேட்டருக்குப் புதுக் கோர் போட்டாயிற்று. வாட்டர் பம்ப் மாற்றியாயிற்று. ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் போயிருக்கும் என்று ஹெட்டைக் கழற்றி லேத்தில் அதன் அடிப்பரப்பைச் சீவிப் பேஸ் எடுத்திருக்கிறார்கள், அதுவும் இரண்டு தடவை. இன்ஜின் சூடான பிறகே தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட்டை எடுத்துத் தூரப் போட்டுவிட்டார்கள். ஹோஸ்கள் எல்லாம் புதுசு. கடைசியாகப் பார்த்த பட்டறையில் முழு இன்ஜினையும் இறக்க வேண்டும் என்று சொல்ல, ஓனர் கிட்டத்தட்ட சம்மதித்துவிட்டார். யாரோ சொன்னதால் ஒரு நடை என்னிடம் காட்டிவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் டிரைவரிடம் பேச வேண்டும் என்பது என் பழக்கம். ஓனர் செலவுக் கணக்கைச் சொல்வார், வண்டியின் குணம் டிரைவருக்குத்தான் தெரியும். "ஹீட் ஆகுது" என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எப்போது ஆகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டிராஃபிக்கில் நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் காற்று போதவில்லை என்று அர்த்தம். ஃபேன், பெல்ட், ஃபேனைச் சுற்றி இருக்கும் கூடு இவற்றைப் பார்க்கலாம். சமதளத்தில் வேகமாக ஓட்டும்போது மெல்ல மெல்ல ஏறினால் ரேடியேட்டர் அடைப்பைச் சந்தேகிக்கலாம். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிஷத்திலேயே மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகினால் சிலிண்டர் கேஸ் தண்ணீருக்குள் போகிறது, அதாவது ஹெட் கேஸ்கெட். ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் மீட்டர் முள் எகிறினால் இன்ஜினில் ஒன்றும் இல்லை, எர்த் சரியில்லை. இந்தக் கடைசிக் குறைக்காக ரேடியேட்டரைக் கழற்றின வண்டிகளும் இருக்கின்றன.

அந்த டிரைவர் தம்பி முதலில் எல்லாரும் சொல்வதையே சொன்னார். சரி, எந்த வளைவில் ஏற ஆரம்பிக்கும், எந்த கியரில் இருப்பீர்கள், மேலே போனதும் எவ்வளவு நேரத்தில் இறங்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அப்போதுதான் அந்த வார்த்தை வந்தது.

"செகண்ட்ல போட்டு இழுத்தாத்தான் அண்ணே ஏறுது. தேர்டுலயே மெதுவா உருட்டிட்டுப் போனா அவ்வளவா தெரியல."

"இதை முன்னாடி யார்கிட்டயாவது சொன்னியா?"

"யாரும் கேக்கலையே அண்ணே."

மலையில் ஜீப் ஓட்டுகிற யாருக்கும் தெரியும், இது தலைகீழ். பாரத்தோடு ஏறும்போது தேர்டு கியரில் திணற விட்டால்தான் இன்ஜின் சூடாகும். ஆக்ஸிலேட்டர் முழுக்க மிதிபட்டிருக்கும், ஆனால் இன்ஜின் மெதுவாகச் சுற்றும். அதே பெல்ட்டில் ஓடும் பம்ப்பும் ஃபேனும் மெதுவாகச் சுற்றும். செகண்டுக்கு இறக்கினால் இரண்டும் வேகம் பிடிக்கும், தண்ணீரும் காற்றும் கூடுதலாகப் பாயும், முள் இறங்க வேண்டும். இந்த வண்டியில் சுற்று கூடக்கூடச் சூடு கூடுகிறது என்றால், பம்ப் வேகமாகச் சுற்றும்போது தண்ணீர் கூடுதலாக ஓடுவதற்குப் பதில் குறைகிறது. அப்படிக் குறைய ஒருசில காரணங்கள்தான் உண்டு.

இருந்தாலும் மற்றவற்றைத் தள்ளிவிட்டுத்தான் அதற்குப் போனேன். பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டரை வாய் வரை நிரப்பி, குளிர்ந்த இன்ஜினைக் கொஞ்ச நேரம் மட்டும் ஓட விட்டேன். பம்ப் சுற்றாதபோது தண்ணீரில் குமிழி வந்தால் அது எரிவாயுதான், சந்தேகமே இல்லை. ஒரு குமிழிகூட வரவில்லை. பிறகு பெல்ட்டைப் போட்டு நன்றாகச் சூடேற்றி, டெம்பரேச்சர் கன்னால் ரேடியேட்டர் முகத்தை மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாகப் பார்த்தேன். அடைத்த குழாய் இருந்தால் அந்த இடம் மட்டும் குளிர்ந்து நிற்கும். அப்படி எங்கும் இல்லை. புதுக் கோர் நல்ல கோர்.

அப்புறம் பானட்டுக்குள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு தம்பியை ஆக்ஸிலேட்டர் கொடுக்கச் சொன்னேன். கை ஃபேனுக்கு எட்டாத தூரத்தில்தான் இருக்க வேண்டும். பழைய ஜீப்களில் ஃபேனுக்கு மறைப்பு இருக்காது. ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல் ஐடிலில் ஓடும்போது, ரேடியேட்டர் அடியிலிருந்து பம்ப்புக்குப் போகும் கீழ் ஹோஸ் உருண்டையாக இருந்தது. சுற்று கூடும்போது நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது. இன்னும் கொடுத்ததும் இரண்டு பக்கமும் உள்வாங்கி, நடுப்பகுதி பட்டையாக ஒட்டிக்கொண்டது. காலை எடுத்ததும் மறுபடி உருண்டை. கொடு, எடு, கொடு என்று ஓனரையும் குனிந்து பார்க்கச் சொன்னேன். அவர் வாயடைத்து நின்றார். அத்தனை செலவும் அந்தப் பள்ளத்துக்குள் போயிருந்தது.

காரணம் எளிது. கீழ் ஹோஸ் பம்ப்பின் உறிஞ்சு பக்கம். பம்ப் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு பலமாக இழுக்கும். சர்பத் உறிஞ்சுகுழலின் அடியை விரலால் மூடிவிட்டு உறிஞ்சினால் குழல் ஒட்டிக்கொள்வது போலத்தான். அது ஒட்டாமல் இருக்கத்தான் இந்த மாதிரி ஹோஸுக்குள் கம்பிச் சுருள் வைப்பார்கள், அல்லது நல்ல தடிமனில் நூல் பின்னிச் செய்வார்கள். இந்த வண்டியில் விட்டம் சரியாக இருக்கிறது என்று ஒரு சாதா ஹோஸை வெட்டிப் போட்டிருந்தார்கள். பழைய ஹோஸில் இருந்த சுருள் குப்பைக்குப் போயிருக்கும். ரப்பர் சூடானால்தான் இளகும், சுற்று கூடினால்தான் ஒட்டும். பட்டறையில் ஐடிலில் நிற்கும் வண்டியில் அது யார் கண்ணிலும் படாது.

கூடவே ரேடியேட்டர் மூடியும் சேர்ந்துகொண்டது. மூடியில் 7 என்று பொறித்திருந்தால் சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் வரை உள்ளே பிடித்து வைக்கும் என்று பொருள். அந்த அழுத்தத்தில் தண்ணீர் சமவெளியில் 111 டிகிரி வரைகூடக் கொதிக்காது. இந்த மூடியின் ரப்பர் வாஷர் விறைத்துப்போய், எதையும் பிடிக்கவில்லை. அழுத்தம் இல்லாவிட்டால் போடிமெட்டு உயரத்தில் சுமார் 95 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். அது மட்டும் இல்லை, உள்ளே அழுத்தம் இருந்திருந்தால் ஹோஸை உள்ளிருந்து தள்ளி, ஓரளவு விரித்தே வைத்திருக்கும். இரண்டு குறையும் ஒன்றை ஒன்று வளர்த்திருக்கின்றன.

தெர்மோஸ்டாட்டை எடுத்துவிடுகிற வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கம் அதை வைத்தியம் என்றே நம்புகிறார்கள். அது இல்லாத டீசல் இன்ஜின் மலைக்குளிரில் உரிய சூட்டுக்கு வர வெகுநேரம் ஆகும். டீசல் சரியாக எரியாது, புகையும், ஆயிலில் டீசல் கலக்கும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியையும் அடைக்கும். அவற்றில் அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஹீட்டைக் குறைக்க எடுத்தது ஹீட்டைக் கூட்டும்.

சுருள் வைத்த சரியான ஹோஸ், புது மூடி, புது தெர்மோஸ்டாட், போர் தண்ணீருக்குப் பதில் பாதிக்குப் பாதி கூலண்ட். அவ்வளவுதான் வேலை. முன்பு செய்த எந்த ஒரு வேலைக்கும் ஆன செலவு இதற்கு ஆகவில்லை. ஆள் பாரத்துக்கு மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நானும் தம்பியும் மேலே போனோம். முதல் சில வளைவுகளில் வேண்டுமென்றே தேர்டில் திணற விடச் சொன்னேன். முள் கொஞ்சம் ஏறியது. செகண்டுக்கு மாற்றச் சொன்னேன். அடுத்த வளைவுக்குள் தம்பி மீட்டரைக் காட்டினார்: "அண்ணே, இப்ப செகண்ட்ல முள்ளு இறங்குது."

ஓனருக்கு ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட்டேன். அந்த ஹெட்டை இரண்டு தடவை பேஸ் எடுத்தது தேவையில்லாத வேலை. இன்னொரு தடவை எடுக்க அதில் இடம் கிடையாது. மேலும் சீவினால் வால்வு பிஸ்டனில் தட்டும். இனி எப்போதாவது உண்மையாகவே கேஸ்கெட் போனால் வேறு ஹெட்தான் தேட வேண்டும், இந்த இன்ஜினுக்கு நல்ல ஹெட் கிடைப்பது வரவரக் கஷ்டம். அவர் அப்போதே பழைய இரும்புக் கடைகளில் ஒன்றுக்குச் சொல்லி வைக்கச் சொன்னார். சொல்லி வைத்திருக்கிறேன், இன்னும் வரவில்லை.