"14 முடிஞ்சா சட்டம் கிடையாதுக்கா"

மகளுக்கு 14 வயது முடிய மூன்று வாரம் இருந்தபோது அந்தப் பட வாய்ப்பு வந்தது. 2020 அக்டோபர், கொரோனா காலம். 75 பேருக்கு மிகாமல் படப்பிடிப்பு நடத்தலாம் என்று அரசு செப்டம்பரில்தான் அனுமதித்திருந்தது. கொடைக்கானல் மலையில் எங்கள் ஊரான பூம்பாறையின் படிக்கட்டு வயல்களில் காட்சி, ஊர்ப் பிள்ளைகள் ஏழு பேர் வேண்டும் என்றார்கள். பள்ளி மார்ச்சிலிருந்து மூடிக் கிடந்தது. பூண்டும் விலை போகவில்லை. சரி என்றோம்.

"கலெக்டர் அனுமதி ஒண்ணு வேணும்க்கா. நீங்க உள்ளூர், போய்க் கேட்டா உடனே குடுத்துடுவாங்க" என்றார் தயாரிப்பு மேலாளர். நானும் நம்பினேன். தலைமை ஆசிரியர் பூட்டிய பள்ளியைத் திறந்து சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். அதையும் பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல்களையும் எடுத்துக்கொண்டு மலைமேல் இருந்த ஓர் அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றவர் காகிதத்தைக் கையில்கூட வாங்கவில்லை. "இது இங்க இல்ல, கீழ போங்க" என்றார். எந்த அலுவலகம், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

மறுநாள் விடியுமுன் கிளம்பி, வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல் போய்ச் சேர்ந்தபோது மதியமாகிவிட்டது. அங்கே ஓர் அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இதை நீங்க குடுக்கவே முடியாதும்மா. படம் எடுக்கறவங்கதான் குடுக்கணும்." ஒரு நாள் கூலியும் பேருந்துக் காசும் போனது போனதுதான். ஆனால் அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்த விவரம்தான் பிறகு எங்களைக் காப்பாற்றியது.

14 வயதுக்குக் கீழ் இருந்தால், படப்பிடிப்பு நடக்கிற மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர்தான் படிவம் 'சி'யில் உறுதிமொழி கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். பெற்றோர் தர வேண்டியது சம்மதம் மட்டும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, 3 மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் வைத்திருக்கக் கூடாது. ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் பிள்ளை பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். யாராவது உங்களை அலையவிட்டால் இதைச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.

மேலாளரிடம் சொன்னேன். பத்தே நாளில் அனுமதி வந்தது.

வங்கியில் இன்னொரு அலைச்சல். மகளுக்குக் கூட்டுறவு சங்கத்தில் கணக்கு இருந்தது, அது செல்லாது. புதுக் கணக்கு தொடங்கப் போனால் தினம் இருபது டோக்கன்தான். முதல் நாள் கிடைக்கவில்லை, இரண்டாம் நாள் போட்டோ போதவில்லை. "மொத்தமா உங்க கணக்குலயே போட்டுடறோம்க்கா" என்று மேலாளர் அவசரப்பட்டார். மாட்டேன் என்றேன். ரசீதில் தன் பெயர் அச்சாகியிருப்பதை மகள் மூன்று தடவை வாசித்தாள்.

படப்பிடிப்பு தொடங்கிய அன்று என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். 75 பேர் கணக்கு நிரம்பிவிட்டதாம். ஏழு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஓர் உதவி இயக்குநர்ப் பையனைப் பொறுப்பாளராகப் போட்டிருந்தார்கள். திண்டுக்கல் தாளை எடுத்துக் காட்டி, இன்னொரு பொறுப்பாளர் வேண்டும், நான் உள்ளே வராமல் என் பெண்ணும் வரமாட்டாள் என்று நின்றேன். அரை மணி நேரம் கழித்து விட்டார்கள். கேமரா முன்னால் நிற்கிறபோது மட்டும்தான் பிள்ளைகள் முகக்கவசத்தைக் கழற்றலாம் என்பது அப்போதைய விதி. மேக்கப் பஞ்சை எல்லோருக்கும் ஒன்றாக வைத்திருந்தார்கள். மறுநாளிலிருந்து சீப்பும் பவுடரும் வீட்டிலிருந்தே கொண்டுபோனோம்.

நடுவில் குழுவில் ஒருவருக்குத் தொற்று வந்து வேலை நின்றது. திரும்பத் தொடங்குவதற்குள் மகளுக்கு 14 முடிந்துவிட்டது. அன்று சாயங்காலமே மேலாளர் வந்தார். "14 முடிஞ்சா சட்டம் கிடையாதுக்கா. நாளைக்குக் காலைல அஞ்சரைக்குப் பனி ஷாட், பாப்பாவை ரெடி பண்ணிடுங்க."

எனக்கு நெஞ்சு படபடத்தது. திண்டுக்கல்லில் குறித்து வந்த தொழிலாளர் துறை எண்ணுக்கு, சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறிப்போய்ப் பேசினேன். அந்த சார் தெளிவாகச் சொன்னார். 14 முதல் 18 வரை வளரிளம் பருவத்தினர், அவர்களுக்கும் சட்டம் இருக்கிறது. இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை வேலை வாங்கவே கூடாது. 3 மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேர இடைவேளை. இடைவேளையும் காத்திருக்கிற நேரமும் சேர்த்தே மொத்தம் 6 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கூடுதல் நேரம் கிடையாது. வாரம் ஒரு நாள் விடுமுறை.

காத்திருக்கிற நேரமும் சேர்த்து என்பதைத் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். பிள்ளைகளை வெப்பமானி வரிசையில் நிறுத்தி, அப்புறம் மரத்தடியில் உட்கார வைத்து, கேமரா ஓடுகிற நேரத்தை மட்டும்தான் அவர்கள் வேலையாக எழுதி வந்தார்கள். அடுத்த நாள் முதல் பாப்பா வாசலைத் தாண்டுகிற நிமிடத்தையும் வெளியே வருகிற நிமிடத்தையும் அவளுடைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கினேன். நீங்களும் வாங்குங்கள்.

பனி ஷாட்டை எட்டேகாலுக்கு எடுத்தார்கள். ஐப்பசியில் எங்கள் ஊரில் ஒன்பது மணிக்கும் எதிர்வரப்பு தெரியாது. முதலிலேயே கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

சம்பளத்தில் கடைசித் தவணை இன்னும் வரவில்லை. நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.