டர்ஹாமில் ஒரு கறுப்புக் கோடு

ரயில் வட இங்கிலாந்தின் டர்ஹாம் ஊரை நெருங்கும்போதே பேராலயம் கண்ணில் பட்டுவிட்டது. வியர் ஆறு மூன்று பக்கமும் வளைந்தோட, நடுவே குன்றின் உச்சியில் மூன்று கோபுரங்கள். ஸ்டேஷனிலிருந்து நடந்தால் கடைசிவரை ஏற்றம். அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் போனோம்.

உள்ளே போனதும் எல்லாரும் தூண்களை அண்ணாந்து பார்க்கிறார்கள். உயரமும் சுற்றளவும் ஒன்றேதான், 6.6 மீட்டர் என்கிறார்கள். கல்லில் சாய்சதுரமும் நெளிகோடுமாக உளி விளையாடியிருக்கிறது. 1093-இல் அஸ்திவாரம் போட்டு, 1133-க்குள் கூரைவரை முடித்துவிட்டார்கள். அம்மா மட்டும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேற்குக் கோடியில் தரையின் குறுக்கே ஒரு கறுப்புக் கல்கோடு ஓடுகிறது, நடுவில் சிலுவை. துறவிகள் காலத்தில் பெண்கள் அதைத் தாண்டக் கூடாது. சொன்னதும், "அப்போ நான் இங்கேயே நிக்கணுமா?" என்றாள்.

இங்கே அடக்கமாகியிருக்கும் புனித கத்பர்ட்டுக்குப் பெண்கள் என்றால் ஆகாது, அதனால்தான் இந்தக் கோடு என்று பிற்காலத்தில் கதை கட்டினார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவரைப் பற்றி எழுதிய பீட் என்ற துறவியே வேறு மாதிரி சொல்கிறார். 687-இல் ஃபார்ன் தீவில் சாகும் தறுவாயில் கத்பர்ட் கேட்டது ஒரு துணியை. வெர்கா என்ற மடத்துத் தலைவி தந்த லினன் துணி அது. உயிரோடு இருந்தபோது அதை உடுத்த மனமில்லை, அவர்மீதுள்ள அன்பால் என் உடலைச் சுற்ற எடுத்து வைத்திருக்கிறேன் என்றாராம். 11 வருஷம் கழித்துச் சவப்பெட்டியைத் திறந்தபோது உடல் அழியாமல் இருந்ததாகவும் பீட் எழுதுகிறார்.

875-இல் வைக்கிங்குகளுக்குப் பயந்து, அவர் உடல் இருந்த லிண்டிஸ்ஃபார்ன் தீவின் துறவிகள் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். வருஷக்கணக்கில் அலைச்சல். அப்புறம் செஸ்டர்-லி-ஸ்ட்ரீட் என்ற ஊரில் நூறு வருஷத்துக்கு மேல். 995-இல் மறுபடி பயணப்பட்டபோது வழியில் பெட்டி அசைய மறுத்தது என்பது ஐதீகம். டன்ஹோம் (இந்த ஊரின் பழைய பெயர்) போகச் சொல்லிக் காட்சி கிடைத்தது, ஆனால் அது எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. காணாமல் போன மாட்டைத் தேடிய ஒரு பால்காரப் பெண், 'டன்ஹோம் பக்கம் போச்சு' என்று இன்னொருத்தி சொன்னதைக் கேட்டு நடக்க, துறவிகள் அவள் பின்னாலேயே வந்து சேர்ந்தார்கள்.

1083-இல் நார்மன் ஆயர் வில்லியம், மனைவி மக்களோடு இங்கே இருந்த குருக்களை அகற்றிவிட்டு பெனடிக்ட் சபைத் துறவிகளைக் கொண்டுவந்தார். பெண்களுக்குத் தடை பிறந்தது அதற்குப் பிறகுதான் என்பார்கள். பழி மட்டும் புனிதர் தலையில்!

கோட்டைத் தாண்டி, பீடத்துக்குப் பின்னால் படியேறினோம். பொன்னும் மணியுமாக இருந்த சமாதியை எட்டாம் ஹென்றி காலத்தில் உடைத்துவிட்டார்கள். இப்போது ஒரே ஒரு கல்பலகை, அதில் அவர் பெயர், நான்கு மூலையிலும் மெழுகுவர்த்தி. பக்கத்தில் தலையில்லாத ஒரு சிலை. கத்பர்ட்தான். கையில் நார்தம்பிரியா நாட்டு அரசர் ஆஸ்வால்டின் தலையை ஏந்தியிருக்கிறார், அந்தத் தலையும் இவரோடு அதே பெட்டியில்தான் வந்தது. ஏந்தியவர் தலையை யாரோ உடைத்துப் போயிருக்கிறார்கள்.

அம்மா செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்தாள். இங்கே அந்த வழக்கம் இல்லை என்று சொல்ல வாயெடுத்து, சும்மா இருந்துவிட்டேன். முட்டி போட முடியாததால் மெத்தைப் பலகையில் மெல்லச் சாய்ந்து, எட்டிக் கல்பலகையில் உள்ளங்கையை வைத்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"துணி கொடுத்த அந்த அம்மா பேர் என்ன சொன்னே?"

"வெர்கா."

கண்ணை மூடி அந்தப் பெயரையும் சேர்த்துச் செபித்தாள்.

வெளியே வடக்குச் சுவரில், உயரத்தில், மாடும் பெண்களுமாக ஒரு சிற்பம் இருக்கிறது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றேன். பார்க்காமல் வரமாட்டேன் என்று அங்கேயே நின்றுவிட்டாள்.