14ஆம் மாதம்: கணுவில் முடி உடைவது குறைந்தது

போன ஞாயிறு சிக்கெடுத்த பிறகு வெள்ளைத் தட்டில் எண்ணிய உடைந்த முடி 9. ஜூன் முதல் ஞாயிறு இதே தட்டில் 71. நடுவில் பத்துக் கிழமை, ஒரு சீப்பு, அம்மாவோடு இரண்டு வாக்குவாதம். சந்தோசம் தாங்கவில்லை, அதனால் ஒன்றும் விடாமல் எழுதுகிறேன்.

ரிலாக்சிங், அதாவது மருந்து போட்டுச் சுருள்முடியை நேராக்குவதை, நான் நிறுத்தி 14 மாதம் ஆகிறது. இழுத்துப் பிடித்து அளந்தால் மேலே 17 சென்ரிமீற்றர் என் சொந்தச் சுருள், அதற்குக் கீழே ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் மருந்து பட்ட பழைய நேர்முடி. இரண்டும் சேரும் இடத்தை எங்கள் வீட்டில் கணு என்கிறோம். முறிவதெல்லாம் அங்கேதான் முறியும்.

உதிர்ந்ததையும் உடைந்ததையும் சேர்த்து எண்ணிப் பயப்படுகிறவர்களுக்காக ஒன்று. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது வழமைதான், கிழமைக்கு ஒரு தரம் மட்டும் சிக்கெடுக்கிறவர்களுக்கு அது மொத்தமாகக் கையில் வரும். உதிர்ந்த முடியின் ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருக்கும். என் தலையில் குமிழும் இல்லாமல் சுருளும் இல்லாமல் நேராக ஒரு துண்டு வந்தால் அது கணுவில் முறிந்தது. குமிழ் இல்லாமல் சுருளாகக் குட்டையாக வந்தால் மேலே புதுமுடியில் முறிந்தது. நான் எண்ணுவது இந்த இரண்டையும் மட்டும்.

எங்கள் வீட்டில் மூன்று தலை, மூன்று விதம். அம்மாவின் முடியில் வாழ்நாளில் மருந்து பட்டதில்லை, நல்ல சுருள். தங்கச்சி கடைசியாக மார்ச்சில் ரிலாக்ஸ் செய்தாள், இப்போது வேரில் 6 சென்ரிமீற்றர் புதுச்சுருள் கிளம்பி நிற்கிறது. நான் இரண்டுக்கும் நடுவில். ஜனவரியிலிருந்து மூன்று பேருக்கும் ஆகும் நேரத்தைக் கொப்பியில் குறித்து வருகிறேன். அம்மாவுக்கு எண்ணெய் வைப்பதில் இருந்து பின்னி முடிப்பது வரை ஞாயிறு 40 நிமிடம், மற்ற நாட்களில் விரலால் கோதி முடிந்துவிட்டால் சரி. தங்கச்சிக்கு முழுகும் நாளில் 25 நிமிடம்தான், ஆனால் நேர்முடியில் வேரின் எண்ணெய் கெதியாக இறங்கிப் படிவதால் கிழமைக்கு மூன்று தரம் முழுக வேண்டியிருக்கிறது. அதோடு தினமும் காலையில் வேர்ப்பக்கத்தை அடக்க 10 நிமிடம் சூட்டுக் கருவி. கூட்டிப் பார்த்தால் கிழமைக்கு 145 நிமிடம், ஆறு மாதத்துக்கு ஒரு தரம் சலூனில் போகும் முழு நாளைச் சேர்க்காமல். ரிலாக்ஸ் செய்தால் வேலை குறையும் என்று நானும் எட்டு வருடம் நம்பியிருந்தேன். வேலை குறைவதில்லை, சின்னச் சின்னத் துண்டாகிக் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

அவள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். விடிய ஆறரைக்கு பஸ் பிடிக்கிற நாளில் அவள் சீவி முடித்து வாசலில் நிற்பாள். சுருள்முடிக்காரி இரவு தலையைச் சரியாகக் கட்டாமல் படுத்தால் அந்தக் காலை போனதுதான். அதற்கு நான் கண்ட வழி சாட்டின் துணி. மத்திய வீதிப் பக்கம் தைக்கிற அக்கா ஒருவர் சட்டைக்கு உள்ளே வைக்கும் சாட்டினில் மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து வைத்துத் தருகிறார், அதில் இரண்டு தலையணை உறை தைத்தேன். பருத்தி உறையில் படுத்தால் முடி உரசி, ஈரத்தையும் துணி குடித்துவிடும். இதில் வித்தியாசம் முதல் கிழமையிலேயே தெரிந்தது.

சரி, சிக்கெடுப்பதற்கு வருகிறேன்.

சுருள்முடியை ஈரமாக, வழுவழுப்பு நிறைய இருக்கும்போது சிக்கெடுக்க வேண்டும், காய்ந்தால் பஞ்சு மாதிரி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். மருந்து பட்ட நேர்முடி அப்படியே எதிர்ப்பக்கம். ஈரத்தில் அது பலமிழந்து ரப்பர் போல நீளும், நீண்டது திரும்பாது, பிறகு அறும். ஆக ஒரே முடியின் மேல்பாதி ஈரம் கேட்கிறது, கீழ்ப்பாதி ஈரத்தில் தொடாதே என்கிறது. நுனியிலிருந்து தொடங்கி மேலே போ என்று எல்லோரும் சொல்வதும் ஒரே விதமான முடிக்குத்தான் முழுதாகச் சரி. எனக்கு நுனியில் சீப்புச் சிக்கும் ஒவ்வொரு இழுப்பும் நேரே போய்க் கணுவில்தான் விழுகிறது.

முதல் முறை எல்லாவற்றையும் நனைத்து, கொண்டிஷனரைத் தாராளமாகப் பூசிச் சீவினேன். அதுதான் அந்த 71. அடுத்த கிழமை எதிராக, எல்லாவற்றையும் காயவிட்டுத் தேங்காய் எண்ணெயோடு. கீழே அழகாக வந்தது, மேலே புதுச்சுருளில் குட்டைத் துண்டுகள் 48. ஏறக்குறைய ஒரு வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்தது தட்டில் கிடந்ததைப் பார்க்க அழுகை வந்துவிட்டது. மூன்றாவது கிழமை செவ்வரத்தை இலையைக் கசக்கி எடுத்த கூழை ஊற்றினேன், 39. அப்போதுதான் பிடிபட்டது, வழுக்கும் பொருளைவிட விரல் எங்கே பிடிக்கிறது என்பதுதான் பெரிது.

இப்போது செய்வது இப்படி. சனி இரவு தேங்காய் எண்ணெய், கணுவிலும் அதற்குக் கீழேயும் கூட. அம்மம்மா காலத்து எண்ணெய் முழுக்கைப் பழைய பழக்கம் என்று தள்ள வேண்டாம், தேங்காய், சூரியகாந்தி, கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003இல் வந்த ஆய்வில் முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான், மருந்து பட்ட முடியிலும் கூட. காலையில் முழுகி, கடைசித் தண்ணீரில் செவ்வரத்தைக் கூழ். பிறகு பழைய பருத்தி ரீசேர்ட்டால் கீழ்ப்பாதியை மட்டும் பொத்திப் பொத்தி ஒற்ற வேண்டும், முறுக்கக் கூடாது. 20 நிமிடம் விட்டால் கீழே அரை ஈரத்துக்கு வந்துவிடும். மேல்பாதி அதற்குள் காயாதபடி தெளிப்பான் போத்தலால் தண்ணீர் அடித்து, எட்டுப் பங்காகப் பிரித்துக் கிளிப் போட்டு வைக்கிறேன்.

ஒரு பங்கை எடுத்து, கணுவுக்கு இரண்டு விரல் கீழே இடக்கையால் இறுக்கிப் பிடிக்க வேண்டும், சுட்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டால் இன்னும் நல்லது. இழுப்பு அந்த விரலோடு நின்றுவிடும், கணுவுக்குப் போகாது. கீழே முதலில் விரலால், பிறகு சீப்பால். கீழ்ப்பாதி முடிந்ததும் பிடியைக் கணுவுக்கு மேலே மாற்றி, கணுவில் இருக்கும் சிக்கை விரலால் மட்டும் பக்கவாட்டில் விரிக்க வேண்டும், நூல் சிக்கைப் பிரிப்பது போல. அந்த இடத்தில் சீப்பே கிடையாது. பிறகு வேர்ப்பக்கம் தண்ணீர் தெளித்துச் சீப்பு. முடிந்ததும் தளர்வாக இரட்டைப் புரி முறுக்கி விடுவேன். பங்குக்கு ஏழெட்டு நிமிடம், முழுத் தலைக்கு முழுக்கோடு சேர்த்து 110 நிமிடம். அம்மா திண்ணையில் இருந்து, "ரெண்டு தலைக்கும் ஒரே கிணத்துத் தண்ணிதானே பிள்ளை, உனக்கு மட்டும் ஏன் இவ்வளவு வேலை?" என்று கேட்டார். தட்டைக் காட்டினேன். பேசாமல் எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்.

கூழைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலையை மிக்சியில் அடித்தால் துகள் முடியில் ஒட்டி அதுவே சிக்காகும். 20 இலையைக் கழுவி, ஒரு கோப்பைத் தண்ணீரில் அரைமணி ஊறவிட்டுக் கையால் கசக்கி, பழைய வொயில் சேலைத் துண்டில் பிழிந்தால் துகளில்லாமல் வரும். அன்றைக்கே பாவித்து முடிக்க வேண்டும். மறுநாள் மணம் மாறிவிடும்.

சீப்புக்குத்தான் நான் அதிகம் மினக்கெட்டேன். அகலப்பல் பிளாஸ்ரிக் சீப்பு எல்லோரிடமும் இருக்கும், ஆனால் அதன் பல்லுக்கு நடுவே நகத்தை ஓட்டிப் பாருங்கள். அச்சில் வார்த்த இடத்தில் மெல்லிய விளிம்பு ஒன்று தட்டுப்படும். அது முடியின் மேல்தோலைச் சுரண்டுகிறது. சுருள்முடி அதைத் தாங்கிக்கொண்டாலும் மருந்து பட்டது தாங்காது. நுண்ணிய சாண்ட் பேப்பரைக் கயிறாகச் சுருட்டி ஒவ்வொரு பல்லிடுக்கிலும் விட்டுத் தேய்த்தேன், இரண்டு பின்னேரம் எடுத்தது. பழைய நைலோன் காலுறையை அதன் மேல் இழுத்துப் பார்த்து, நூல் ஒரு இடத்திலும் பிடிக்காதபோது நிறுத்தினேன். அந்தக் கிழமை எண்ணிக்கை 39இல் இருந்து 22க்கு இறங்கியது, வேறொன்றையும் மாற்றவில்லை. சந்தைப் பக்கக் கடையில் வேப்பமரச் சீப்பும் வாங்கினேன், பல் நுனி சொரசொரப்பு, அதற்கும் இதே வேலைதான் காத்திருக்கிறது.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் கடினத் தண்ணீர், ஷாம்பு நுரைக்காது, முடியில் சுண்ணாம்பு மாதிரி ஒரு பிடி நிற்கும். ஒரு வாளித் தண்ணீருக்கு அரைத் தேசிக்காய் பிழிந்து கடைசிக்கு முன் ஊற்றினால் அந்தப் பிடி விடுகிறது. அதற்கு மேல் புளிப்பு வேண்டாம். இந்த மாதங்களில் தென்மேற்கிலிருந்து அடிக்கும் வறண்ட கச்சான் காற்று வேறு, பின்னேரம் உப்புவெளிக் கடற்கரைக்குப் போய் வந்தால் நுனி வைக்கோலாகிவிடும். கிளிசரின் உள்ள கிறீம்களை மே மாதத்தோடு ஒதுக்கி வைத்தேன், வறண்ட காற்றில் அவை உதவுவதைவிடக் கெடுப்பதே அதிகம். மாரி தொடங்கக் காற்றில் ஈரம் வரும், அப்போது திரும்ப எடுக்கலாம். நிலாவெளியில் கடலுக்குள் இறங்குவதற்கு முன் நல்ல தண்ணீரில் தலையை நனைத்து எண்ணெய் பூசிக்கொள்ளுங்கள், நனைந்த முடி உப்புத் தண்ணீரைக் குறைவாகவே குடிக்கும். தங்கச்சிக்கு இது கட்டாயம், அம்மா ஒருநாளும் செய்ததில்லை, அவர் முடிக்கு ஒன்றும் ஆகவும் இல்லை.

நான் நிறுத்தியதற்கே காரணம் ஒரு சலூனில் செய்த டச்அப்தான். வேரில் வளர்ந்ததற்கு மட்டும் போட வேண்டிய மருந்தை நுனிவரை இழுத்துச் சீவிவிட்டார்கள். ஏற்கெனவே மருந்து பட்ட முடி அதைத் தாங்காது. ஒரு மாதத்துக்குள் நாடி மட்டத்தில் கொத்துக் கொத்தாக முறிந்தது. அன்றிலிருந்து தங்கச்சியின் மருந்துப் பெட்டியை நான் வாசிக்காமல் அவள் கதிரையில் இருப்பதில்லை. அவளுக்குப் போட்டது தயோகிளைக்கோலேட் வகை, முடியின் புரதமான கெரற்றினில் உள்ள கந்தகப் பிணைப்பை அவிழ்த்து, பிறகு பெரொக்சைட் போட்டு நேரான நிலையில் திரும்பப் பூட்டுவது. சோடியம் ஹைட்ரொக்சைட் போன்ற காரவகை வேறு, அது பிணைப்பையே மாற்றிவிடும். ஒன்று பட்ட முடியில் மற்றதைப் போட்டால் முடி கையோடு வந்துவிடும். சலூன் மாற்றுகிறவர்கள் முன்பு பட்டது எந்த வகை என்று சொல்லாமல் தலையைக் கொடுக்கவே கூடாது.

தீபாவளிக்கு முன் டச்அப் செய்ய வேண்டும் என்கிறாள். அமெரிக்காவில் 33,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்து 2022இல் வந்த ஆய்வைக் காட்டினேன். முடி நேராக்கும் பொருட்களை வருடத்தில் நான்கு தரத்துக்கு மேல் பாவித்தவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.05 வீதம், பாவிக்காதவர்களுக்கு 1.64 வீதம் என்று அதில் கணித்திருக்கிறார்கள். அது தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை நிறுவவில்லை, அவள் வருடத்துக்கு இரண்டு தரம்தான் செய்கிறாள் என்பதையும் நானே சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "அக்கா, என்ர தலை, நான் யோசிச்சுச் சொல்றன்" என்றாள். சரிதான், அவள் தலை. டிசம்பர் வரை தள்ளிப்போட்டால் சூட்டுக் கருவி இல்லாமல் வேரை அடக்க நான் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.

அதற்காகத்தான் ஆளிவிதை ஜெல் காய்ச்சிப் பார்க்கப் போகிறேன். இங்கே இரண்டு கடையில் ஆளிவிதை என்று கேட்டால் தெரியவில்லை, ஃப்ளாக்ஸ் சீட் என்றதும் எடுத்துத் தந்தார்கள். ஒன்றுக்கு ஆறு பங்கு தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு மாதிரி நூலோடும்போதே இறக்க வேண்டும், ஆறவிட்டால் துணியில் வடியாது. என் நேர்முடியில் நவராத்திரிக்கு முன் 5 சென்ரிமீற்றர் வெட்டுவதாகவும் இருக்கிறேன், மொத்தமாக வெட்ட இன்னும் மனம் வரவில்லை.

இந்த ஞாயிறு தங்கச்சியின் தலையில் இதே பிடி. அவளுடைய கணு வேரிலிருந்து 6 சென்ரிமீற்றரில் இருப்பதால் மேலே விரல் சுற்ற இடம் போதாது, பங்கை எட்டிலிருந்து பன்னிரண்டாக்க வேண்டி வரும். தட்டைக் கழுவி வைத்திருக்கிறேன்.