பரா லைற், கொள்ளிவாய்ப் பேய், ஹெஸ்டாலன்

போன ஒக்டோபரில் நானும் மச்சானும் நோர்வேயில் உள்ள ஹெஸ்டாலன் பள்ளத்தாக்குக்குப் போனோம். ட்ரொண்ட்ஹைமிலிருந்து காரில் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். நீளம் 12 கிலோமீட்டர், சனம் 150 பேரளவில். அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று மனைவி கேட்டாள். "வெளிச்சம்" என்றேன். "கண்டுகொண்டு வாங்கோ" என்று சுடுதண்ணிப் போத்தலைத் தந்தாள்.

1981 டிசம்பரிலிருந்து 1984 வரை அந்தப் பள்ளத்தாக்கில் வாரத்துக்கு 15, 20 தடவைகூட வெளிச்சம் தெரிந்ததாம். வெள்ளை, மஞ்சள், சில வேளை சிவப்பு. சிலது நொடியில் மறையும், சிலது ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கும். 1984 குளிருக்குள் எர்லிங் ஸ்ட்ரான்ட் என்ற பொறியியலாளரும் கூட்டாளிகளும் ராடர், காந்தமானி, நிறமாலைக் கமரா எல்லாம் தூக்கிக்கொண்டு போய்க் காத்திருந்தார்கள். 9 தடவை லேசர் அடித்ததில் 8 தடவை வெளிச்சம் சிமிட்டும் விதத்தை மாற்றியதாக எழுதிவைத்தார்கள். அது எனக்கு அவ்வளவாகச் செமிக்கவில்லை. 1998இல் தானாகப் படமெடுக்கும் நிலையமும் வந்தது. இப்போது வருடத்துக்கே 10, 20 தடவைதான்.

எனக்கு வானத்தில் வெளிச்சம் என்றால் முதலில் ஞாபகம் வருவது பரா லைற், ஊரில் சண்டைக் காலத்தில் இரவில் வானத்திலிருந்து போடும் வெளிச்சக் குண்டு. குடையில் தொங்கி ஆடி ஆடி இறங்கும். முற்றம், கிணறு, வேலி எல்லாம் மஞ்சளாகிவிடும். அதற்கு ஒருவரும் விளக்கம் கேட்டதில்லை. பங்கருக்குள் இறங்குவோம், அவ்வளவுதான்.

அதற்கும் முந்தியது அம்மம்மாவின் கொள்ளிவாய்ப் பேய். குளக்கரைச் சேற்றில் நீலமாக எரிந்துகொண்டு நடக்குமாம். "கிட்டப் போனா எட்டப் போகும்" என்பா. அழுகின செடிகொடியிலிருந்து வரும் மீதேனும், காற்றுப் பட்டதும் பற்றக்கூடிய பொசுபரசு வாயுவும் சேர்ந்து எரிகிறது என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் விளக்கம். அம்மம்மா கண்டவற்றில் பாதியாவது இறாலுக்குப் போன ஆட்களின் லாம்பாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

சரி, ஹெஸ்டாலன். ஒன்பதரை மணியளவில் மலை விளிம்புக்கு மேலே ஒரு வெள்ளை வெளிச்சம். அசையவில்லை. சத்தமும் இல்லை. மச்சான் என் கையைப் பிடித்தான். இரண்டு மூன்று நிமிடம் அப்படியே நின்றது, கொஞ்சம் பெருத்தது. அப்புறம் அதன் ஒரு பக்கத்தில் சிவப்புப் பொட்டு, மற்றப் பக்கத்தில் பச்சைப் பொட்டு. விமானம்! நேரே நம்மை நோக்கி வருகிற விமானம் நகர்வதாகவே தெரியாது. பக்கத்தில் மரமோ கூரையோ இல்லாத வெளிச்சத்துக்கு இருட்டில் கண் தூரம் போட முடியாது. தூரம் பிடிபடாவிட்டால் பருமனும் வேகமும் வெறும் ஊகம்தான். 2002இல் அங்கே போன இத்தாலியக் குழு பதிவு செய்ததில் சிலது எதிர்மலை றோட்டில் வந்த கார் லைற் என்று இன்னொரு இத்தாலியரே மறுத்திருக்கிறார்.

ஆனால் எல்லாவற்றையும் கார் தலையில் கட்டிவிட முடியாது. எனக்குப் பிடித்த விளக்கம் பற்றரி. ஆற்றுக்கு ஒரு பக்கப் பாறையில் துத்தநாகமும் இரும்பும், மறுபக்கம் செம்பு, நடுவில் பழைய சுரங்கத்திலிருந்து கந்தகம் கரைந்த தண்ணீர். பள்ளத்தாக்கே ஒரு பெரிய பற்றரி என்கிறார் யாடர் மொனாரி என்ற இத்தாலிய ஆய்வாளர். பாறைத் துண்டுகளை வைத்துச் சின்னதாகச் செய்தும் பார்த்திருக்கிறார்கள், மின்சாரம் வந்தது. ஆனால் நிலத்தில் ஓடுகிற மின்சாரம் ஏன் உருண்டையாகி ஆகாயத்தில் மிதக்கவேண்டும்? அந்த இடத்தில் கதை கொஞ்சம் நொண்டுகிறது. ரேடன் என்ற கதிரியக்க வாயுவால் மின்னேறிய தூசு என்று இன்னொரு கட்சியும் உண்டு.

இரண்டு மணி வரை இருந்தோம். தேத்தண்ணி முடிந்து, கால் விறைத்ததுதான் மிச்சம். திரும்பும் வழியில் மச்சான் வீட்டுக்குப் போன் எடுத்து, "ஓம், ஒண்டு கண்டனாங்கள்" என்றான். விமானம் என்று சொல்லவில்லை. நானும் திருத்தவில்லை.